செல்லம்மாள் பாரதி: நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாதி



சற்று நீளமான பதிவு. காலைக் காப்பியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். இதில் வரலாறும் இருக்கிறது, உங்கள் சார் செய்த ஒரு தவறும் இருக்கிறது.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் குருவிக் கதை நினைவிருக்கும். வீட்டில் அரிசி இல்லை. செல்லம்மாள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்து வைக்கிறார். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், பாரதியார் அந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்துக்கொண்டு ஆனந்தமாகப் பாடுகிறார். இதை ஒவ்வோர் ஆண்டும் நடித்தே காட்டுவேன். பாரதியாருக்குக் கம்பீரமான குரல். செல்லம்மாளுக்கு மூக்கால் இழுத்துப் பேசும் அழுமூஞ்சிக் குரல். வகுப்பே சிரிக்கும். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஓர் ஆண்டு கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். "சார், அப்புறம் அன்னைக்கு அவங்க வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். வகுப்பு மறுபடி சிரித்தது. "உனக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்புதானா? உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவள் கேள்வி கேட்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் கேட்கப்பட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான். வீட்டில் உலை வைக்கிற ஆள் யார் என்று தெரிந்த பிள்ளை கேட்ட கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று எழுதுகிறேன். அம்மா, நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. இதைப் படித்தால் சாரை மன்னித்துக்கொள்.

எட்டயபுரம் நமக்கு வேற்றூர் இல்லை. நம் தூத்துக்குடி மாவட்டம்தான். குறுக்குச்சாலை, எப்போதும்வென்றான் தாண்டினால் கரிசல் காடு, பருத்திக் காடு, அப்புறம் எட்டயபுரம். அங்கே 1882 டிசம்பர் 11-ல் பிறந்தவர் சுப்பையா என்கிற சுப்பிரமணிய பாரதி. ஐந்து வயதில் தாயை இழந்த பிள்ளை. தகப்பனார் சின்னசாமி ஐயர் அந்தக் கரிசல் பருத்தியை நம்பி ஊரில் ஆலை தொடங்கியவர்.

செல்லம்மாள் கடையத்துக்காரர். இன்றைய தென்காசி மாவட்டம். தகப்பனார் செல்லப்ப ஐயர். 1897-ல் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைக்குப் பதினான்கு வயது, பெண்ணுக்கு ஏழு வயது. ஏழு வயது என்றால் நம் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அந்த வயதுப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மறு ஆண்டே சின்னசாமி ஐயர் காலமானார். ஆலை நொடித்துப் போயிருந்தது. பாரதி காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டார். சிறுமி செல்லம்மாள் பிறந்த வீட்டில். காசியில் உன் புருஷன் ஏதேதோ அரசியலில் சேர்கிறான் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்க் கணவருக்குக் கடிதம் எழுதினார். 1901-ல் காசியில் இருந்து வந்த பதில் இன்றும் அச்சில் இருக்கிறது. பயப்பட வேண்டிய காரியம் எதிலும் நான் இறங்கவில்லை, நீ கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் சந்தோஷப்படுவேன் என்பது அதன் சாரம். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வந்த அந்த அறிவுரையைச் செல்லம்மாள் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது பின்னால் தெரியும்.

1902 வாக்கில் பாரதி எட்டயபுரம் அரண்மனை வேலைக்குத் திரும்பினார். செல்லம்மாளின் குடித்தனம் அப்போதுதான் தொடங்கியது. அரண்மனைச் சம்பளம், சொந்த ஊர், சுற்றிலும் உறவு. அவருடைய வாழ்க்கையில் ஓரளவு நிம்மதியான காலம் அதுதான் என்று சொல்லலாம். அது இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர் வேலை, அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னையில் சுதேசமித்திரன். அதே 1904-ல் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தார்.

இந்த நாட்களில் நடந்த ஒன்றை நீங்கள் படித்திருப்பீர்கள். காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போன பாரதி, நிவேதிதா தேவியைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டார். பெண்களை வெளியே அழைத்து வருவது எங்கள் வழக்கம் இல்லை, அவளுக்கு அரசியலும் தெரியாது என்று பாரதி சமாதானம் சொல்ல, அந்த அம்மையார் கண்டித்தார். பாரதி அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். பெண் விடுதலையைப் பாடிய கவிஞர் அங்கே உருவானார் என்று நாம் பரீட்சைக்கு எழுதுகிறோம். அந்தக் கேள்வி எழக் காரணமே, அப்போது வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த செல்லம்மாள்தான். அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இனி வருவது நம்ம ஊர்க் கதை. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வ.உ.சி.யும் பாரதியும் உயிர் நண்பர்கள். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரசுக்குச் சேர்ந்தே போனார்கள். 1908 பிப்ரவரி கடைசியில் நம்ம ஊர் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், ஜூலை 7-ல் இரட்டை ஆயுள் தண்டனை.

அடுத்த அடி சென்னையில் விழுந்தது. பாரதி நடத்திய 'இந்தியா' பத்திரிகையின் மேல் வழக்கு வந்து, பதிப்பாளரைப் பிடித்தார்கள். பாரதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்விட்டார். இரண்டாவது மகள் சகுந்தலா பிறந்த ஆண்டும் அந்த 1908-தான். வ.உ.சி. வீட்டிலும் அதே கதி. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் சிறு பிள்ளைகளோடு நின்றார். தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் வ.உ.சி.யின் தம்பிக்குச் சித்தம் கலங்கியது. ஆண்கள் சிறைக்கும் பிரெஞ்சு எல்லைக்கும் போனார்கள். வீடுகளை இந்தப் பெண்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு செல்லம்மாளும் பிள்ளைகளோடு புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். 1918 வரை பத்து ஆண்டு வாசம். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் பிறந்த ஆண்டுகள் என்று இலக்கிய வரலாறு சொல்லும். அதே ஆண்டுகளைச் சமையலறையில் இருந்து பாருங்கள். 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். 1910-ல் பத்திரிகை நின்றது. அதோடு வருமானமும் நின்றது. 1911 ஜூன் 17-ல் நம்ம மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு புதுச்சேரியில் இருந்த சுதேசிகள் வீட்டைச் சுற்றி உளவாளிகள் மொய்த்தார்கள். மணியாச்சியில் வெடித்த குண்டுக்கு, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அரிசி களைந்துகொண்டிருந்த செல்லம்மாளும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குருவிக்குப் போட்ட அரிசியை இப்போது இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கிய அரிசி. திருப்பிக் கொடுக்க வேண்டியவர் செல்லம்மாள். நாளைக்கு மறுபடி அதே படியேறிக் கேட்க வேண்டியவரும் அவரே. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். போதாக்குறைக்கு எந்நேரமும் விருந்து. நேரம் காலம் பாராமல் நண்பர்கள் வருவார்கள். வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் பாரதி அனுப்பமாட்டார். உள்ளே பானையில் என்ன இருக்கிறது என்பது சொன்னவருக்குத் தெரியாது. பிள்ளைகளா, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான்தான் சிரிக்க வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரதி சாதி பார்க்காதவர். கனகலிங்கம் என்ற ஆதிதிராவிட இளைஞருக்குப் பூணூல் போட்டவர். மேடையில் சொல்லும்போது கைதட்டல் கிடைக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒருவருடைய மனைவியாக இருப்பது என்ன பாடு! கல்யாணம், கருமாதி எதற்குப் போனாலும் உறவினர் முகத்தில் முதலில் விழிப்பவர் அவர்தானே? 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியைக் கடலூரில் கைது செய்தார்கள். டிசம்பர் 14-ல் விடுதலையாகி, குடும்பத்தோடு கடையம் போனார். அது செல்லம்மாளின் சொந்த ஊர். மனைவியின் தோளில் கைபோட்டு அவர் வீதியில் நடப்பாராம். ஊர் முகம் சுளித்தது. பாரதிக்கு அது ஒரு கொள்கை. செல்லம்மாளுக்கோ, அந்த வீதியில் இருந்தவர்கள் எல்லாம் தன்னைச் சிறு வயதில் இருந்து பார்த்தவர்கள். அவர் தோளை உதறிக்கொண்டு போய்விடவில்லை. அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

கடையத்தில் இருந்த 1920-ல் பாரதி ஒரு பெரிய திட்டம் போட்டார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும். அதற்குக் கடனாகப் பணம் அனுப்புங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று அறிக்கை விட்டார். எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. அந்த ஆண்டு கடைசியில் மறுபடி சென்னை, மறுபடி சுதேசமித்திரன், திருவல்லிக்கேணி வாசம். 1921-ல் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிய சம்பவம். அதில் பிழைத்தாலும் சில மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து, செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 39 நிறையவில்லை. மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று நாம் வருத்தப்பட்டுச் சொல்வோம்.

நம் பாடப்புத்தகம் இங்கே முடியும். நானும் மணி அடித்ததும் இங்கேதான் முடிப்பேன். ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். 1897-ல் இருந்து 1921 வரை செல்லம்மாள் கணவரோடு இருந்தது 24 ஆண்டு. அதிலும் பிரிந்திருந்த காலத்தைக் கழிக்க வேண்டும். அவருக்குப் பிறகு 1955 வரை வாழ்ந்தது 34 ஆண்டு. அந்த 34 ஆண்டைத்தான் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சாவு நடந்தபோது செல்லம்மாளுக்கு முப்பத்தொன்றோ இரண்டோ வயது. தங்கம்மாளுக்குப் பதினாறு, சகுந்தலாவுக்குப் பதின்மூன்று. வீட்டில் சொத்து என்று இருந்தது காகிதங்கள். கையெழுத்துப் பிரதிகள், பத்திரிகை நறுக்குகள். புதுச்சேரியில் இருந்து கடையத்துக்கும் கடையத்தில் இருந்து சென்னைக்கும் குடும்பத்தோடு சுமந்து வந்தவை. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அப்போது அச்சேறவே இல்லை.

கணவன் போன பெண்ணை மூலையில் உட்கார வைக்கிற காலம் அது. செல்லம்மாள் என்ன செய்தார் தெரியுமா? 'பாரதி ஆசிரமம்' என்று பெயர் வைத்துப் புத்தகம் போட ஆரம்பித்தார். மறு ஆண்டு, 1922-ல், சுதேச கீதங்கள் வெளிவந்தது. கணவர் அறிக்கை விட்டும் நடக்காத காரியம். ஏழு வயதில் தாலி கட்டிக்கொண்டு, தமிழை நன்றாகப் படி என்று காசியில் இருந்து கடிதம் வாங்கிய அந்தச் சிறுமி, கணவருடைய தமிழைப் பதிப்பிக்கிறவராக நின்றார்.

அந்த முயற்சியைத் தனியாகத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. பாரதியின் தம்பி விசுவநாத ஐயர், உறவினர் ஹரிஹர சர்மா, சகுந்தலாவின் கணவர் நடராஜன் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய பாரதி பிரசுராலயம் வேலையை ஏற்றுக்கொண்டது. 1928-ல் பாரதி பாடல் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார். இறந்து ஏழு ஆண்டான ஒருவரின் பாட்டைக் கண்டு வெள்ளைக்கார சர்க்கார் பயந்தது என்றால், அந்தப் பாட்டு மக்கள் கையில் போய்ச் சேர்ந்திருந்தது என்றுதானே பொருள்? அதற்கு முதல் படியைப் போட்டவர் செல்லம்மாள்.

பதிப்புரிமையும் பின்னர் அவர் கையை விட்டுப் போனது. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமை வேறு கைகளுக்கு மாறி ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் வந்தது. பாரதி பாட்டைப் படத்தில் பாடியதற்காக நடிகர் டி.கே.சண்முகம் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. பாரதி எல்லோருக்கும் பொது என்று தமிழ்நாடே கேட்டது. செட்டியார் பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். ஓர் எழுத்தாளரின் நூல்களை அரசு வாங்கிப் பொதுவாக்கும் வழக்கம் இங்கே தொடங்கியது அப்படித்தான்.

இதற்கிடையில் அவரே நூலாசிரியரும் ஆனார். 1941-ல் செல்லம்மாள் பாரதி எழுதிய பாரதியார் சரித்திரம் வெளிவந்தது. அவர் சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதியது. 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். இரண்டையும் தேடிப் படியுங்கள். பட்ட கஷ்டத்தை அவர் மறைக்கவில்லை. கணவர் மேல் வைத்த அன்பையும் மறைக்கவில்லை. மற்றப் பெண்களைப் போல நல்ல சோறு, நல்ல துணி என்று வாழ ஆசைப்பட்ட சாதாரணப் பெண்தான் நான் என்பதை ஒளிக்காமல், இப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதைப் பெருமையாகவும் சொல்கிறார். நான் மூக்கால் பேசி நடித்துக் காட்டிய அழுமூஞ்சி அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

மகள்களும் அம்மா வழியே போனார்கள். தங்கம்மாள் தந்தையின் கவிதை பற்றி எழுதினார். சகுந்தலா 'என் தந்தை' எழுதினார். பேத்தி விஜயா பாரதி தாத்தாவின் கவிதையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, அவர் வரலாற்றையும் எழுதினார். பாட்டி, பெண்கள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு வீட்டு நினைவை எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதி வீட்டில் எப்படி இருந்தார், எப்படிச் சிரித்தார், எப்படிக் கோபப்பட்டார் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இவர்கள் சொல்லித்தான். அந்தக் குருவிக் கதையேகூட வீட்டாருடைய நினைவில் இருந்து வந்ததுதான். அரிசி போனதைச் சுமந்தவர்கள், பாட்டு வந்ததையும் மறக்காமல் சொன்னார்கள். நான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

1955-ல் பாரதியின் எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அரசு அறிவித்தது. செல்லம்மாள் காலமானதும் அதே 1955-ல்தான். 2022-ல் கடையத்தில் பாரதிக்கும் செல்லம்மாளுக்கும் சேர்த்துச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர் தோளில் பாரதி கை போட்டு நிற்கிறார், ஒரு காலத்தில் முகம் சுளித்த அதே ஊரில்.

நம்ம கடற்கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூழ்குகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை, தோணியில் நம்பிக்கையான ஓர் ஆள் பிடித்திருப்பார். கீழே அசைவு தெரிந்ததும் மேலே இழுத்துவிட வேண்டும். அந்த ஆள் கண்ணயர்ந்தால் முத்தும் இல்லை, மூழ்கியவரும் இல்லை. ஏலம் போடும்போது முத்தைப் பற்றிப் பேசுவார்கள். கயிறு பிடித்தவரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பிள்ளைகளா, உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். குருவிக் கதையைச் சொல்லுங்கள், நல்ல கதைதான். ஆனால் செல்லம்மாளுக்கு அந்த மூக்குக் குரலைக் கொடுக்காதீர்கள். 1922-ஐயும் 1941-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுந்து, அன்றைக்கு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள். "நல்ல கேள்வி கேட்டாய், இங்கே வா, எல்லோரும் கேட்கும்படி மறுபடி கேள்" என்று சொல்லுங்கள்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் ஒரு செல்லம்மாள் இருப்பார், அல்லது இருந்திருப்பார். இருக்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தங்கம்மாள் செய்தது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் சார்
தூத்துக்குடி